வசந்தாமணிக்கு எது தோது

"லேடீசுக்கு இதுதானுங் அம்மிணி தோது" என்று கடைக்காரர் திருவேங்கடம் மறுபடியும் சொல்லிவிட்டு, அந்தக் குட்டைத் துப்பாக்கியை, ஜவுளிக்கடையில் பார்டர் காட்டுகிறவர் மாதிரி விரல் நுனியால் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். வசந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோதாம். இந்த ஆளுக்கு என்ன தெரியும் அவளுக்கு எது தோதென்று? பிறந்ததிலிருந்து அவளுக்கு எது தோதென்று அவளைத் தவிர ஊரில் எல்லாரும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிறம் தோது, இந்த மாப்பிள்ளை தோது, தாலி அறுத்த பிறகு மகள் வீட்டில் ஒரு மூலையில் கிடப்பது தோது, இப்போது இது தோது. கண்ணாடி மேசைமேல் மஞ்சள் துணியை விரித்து அதன்மேல் ரெண்டையும் கிடத்தியிருந்தார். ரெண்டும் வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர், ரெண்டும் ஒரே தோட்டாவைத்தான் தின்னும், கட்டைவிரல் பருமனுக்கு அத்தனை பெரிய தோட்டா. ஒன்றுக்குப் பேரல் ஒரு சாண் நீளம். பட்டாளத்து ஆள் இடுப்பில் தொங்கவிட்டது, கனம் கையைக் கீழே இழுக்கும். மற்றது மூக்கறுந்த மாதிரி குட்டை, உள்ளங்கையில் வைத்து மூடினால் பாதி மறைந்துபோகும். இந்தப் பெரிய தோட்டாவுக்கு இப்போது யாருக்கும் லேசில் லைசென்ஸ் கொடுப்பதில்லையாம். மாமனார் காலத்து லைசென்ஸ் புருஷனுக்கு வந்து, புருஷன் செத்து அவளுக்கு வந்திருக்கிறது. கூட வந்த துப்பாக்கி உபயோகமில்லாமல் போனதால்தான் இப்போது இந்தக் கடை. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் போனதற்கு அவள் கண்ட பலன் அது ஒன்றுதான் போல. மேலே ஃபேன் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. கடை முழுக்க எண்ணெய் வாடை, தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெய் வாடை. வெளியே டவுன் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். சின்னதா, பெருசா? சீக்கிரம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்து, இருட்டுவதற்குள் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நாளைக்குக் காலையில் சர்வேயர் வருகிறார்.

சர்வேயர் தானாக ஒன்றும் வரவில்லை, ஈஸ்வரமூர்த்தி வரச்சொல்லி வருகிறார். ஈஸ்வரமூர்த்தி அவள் கொழுந்தன், புருஷனுக்கு ஒரே தம்பி. அண்ணன் செத்துப் பதினாறு கும்பிட்ட கையோடு, பாகம் சரியாகப் பிரியவில்லை, கல்லை மாற்றி நடவேண்டும் என்று ஆரம்பித்தான். அவன் சொல்கிற இடத்தில் கல் விழுந்தால் கிணறும் வீடும் அவன் பக்கம் போய்விடும். அவளுக்கு மிச்சம் நிற்பது தண்ணீரில்லாத தென்னை. தண்ணீரில்லாத தென்னையை வைத்துக்கொண்டு விளக்குமாறுதான் கட்டலாம். மகள் பெங்களூரில் இருக்கிறாள், அங்கே போய் இருந்துகொள்ள வேண்டியதுதானே என்கிறான். அவன் பெண்டாட்டியும் அதையேதான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். மகள் வீட்டில் பால்கனியில் துளசித் தொட்டி வைக்கக்கூட மாப்பிள்ளையிடம் கேட்கவேண்டும். அங்கே போய் அவள் எங்கே உட்காருவாள், சோபாவின் எந்த ஓரத்தில்? அவள் போகமாட்டேன் என்றாள். அன்றைக்குக் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல், வேப்பங்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு, "தோட்டத்துல ஒத்தப் பொம்பள. பாம்பு வரும், பல்லி வரும், எது வேணா வரும்" என்றான். அட, பல்லியாம். பயமுறுத்துகிறவன் அதையாவது ஒழுங்காகச் செய்யவேண்டாமா? பல்லிக்கு யார் பயப்படுவார்கள்? என்று அப்போதே சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாள். போனவள் கதவைத் தாழ்போட்டாள், மேல்தாழையும் போட்டாள், பிறகு ஜன்னலையும் சாத்தினாள். அன்றிலிருந்து தென்னமட்டை விழுந்தால்கூட எழுந்துபோய்த் தாழைத் தொட்டுப் பார்க்கிறாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, அவன்மேல் வருவதைவிடத் தன்மேல். பல்குச்சி வைத்திருந்த ஒருத்தனுக்குப் போய்ப் பயப்படுகிறாளே. அவள் வந்த புதிதில் அவன் டவுசர் போட்டுக்கொண்டு மூக்கொழுகித் திரிந்த பையன், அண்ணியை நங்கையா நங்கையா என்று சுற்றி வந்தவன். அவன் தலையில் பேன் பார்த்தவள் அவள். பரீட்சையில் கோட்டடித்துவிட்டு மாட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொண்டவனுக்குச் சோற்றுக்குண்டாவோடு போய் உட்கார்ந்து ஊட்டிவிட்டவளும் அவள்தான். அவனைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தப் பயம். தூ.

"எடுத்துப் பாருங் அம்மிணி, சும்மா எடுத்துப் பாருங்" என்றார் திருவேங்கடம். பெருசை எடுத்தாள். மணிக்கட்டு ஒடிந்துவிடும்போலக் கனம். சாமியப்பனுடையதும் இந்தச் சாதிதான், இதே கனம்தான். சாமியப்பன் அவள் புருஷன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கும்போது மனுஷன் வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே நடப்பார், மூல வியாதிக்காரன் மாதிரி. கல்யாணத்துக்குப் போனால் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் பந்தியில் உட்காருவார். பாயசம் ஊற்றுகிறவன்கூட அதைப் பார்க்கவேண்டும். எலக்‌ஷன் வந்தால் எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கவேண்டும் அல்லவா, அந்த ரெண்டு மாதமும் அவர் வீட்டைவிட்டு வெளியே போகமாட்டார். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு கட்டிலில் கிடப்பார். ரிசல்ட் வந்து அதைத் திருப்பி வாங்கிக் கட்டின அன்றைக்குத்தான் உடம்பு குணமாகும். ஆம்பிளை! அந்தத் துப்பாக்கிக்கு வருஷா வருஷம் ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். வைப்பதென்றால் பொட்டு வைப்பதல்ல. தானே உட்கார்ந்து குழைத்து, பேரலுக்கு மூன்று பட்டை, சிலிண்டரைச் சுற்றி அப்பி, டிரிகர் இடுக்கில் திருநீறு போட்டு, பூச்சுற்றி, டிராக்டருக்குப் பக்கத்தில் பலகையில் வைத்துச் சூடம் காட்டுவார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக்கூடாதென்று அப்படியே உறையில் போட்டு பீரோவில் வைத்துவிடுவார். வருஷா வருஷம் பூச்சின்மேல் பூச்சு. கிணற்று மோட்டார் ரூம் யாருக்கென்று தகராறு வந்தபோது, ஈஸ்வரமூர்த்தி சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்து களத்தில் நின்றபோது, இவர் போய் அதை எடுத்துக்கொண்டு வந்தார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் எல்லாம் ஓடிவிடுவான்களாம். இழுத்தார், டிரிகர் அசையவில்லை. ரெண்டு கையாலும் இழுத்தார். சிலிண்டர் இறுகிப்போய், இடுக்கிலிருந்து காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. "அண்ணா, தேங்கா ஒண்ணு ஒடச்சுப் பாருங், அப்பவாச்சும் வெடிக்குதான்னு" என்றான் ஈஸ்வரமூர்த்தி. களம் முழுக்கச் சிரித்தது. வேலைக்கு வந்த பெண்கள்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சாமியப்பன் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார். படுத்தவர் சரியாக எழுந்திருக்கவேயில்லை; தை பிறப்பதற்குள் நெஞ்சுவலி வந்து போய்ச்சேர்ந்தார். அவளுக்கு அழுகை வந்தது, வந்ததுதான். ஆனால் பிணத்தை எடுக்கும்போதுகூட ஓரத்தில் ஒரு நினைப்பு: இந்த மனுஷன் செத்தது நெஞ்சுவலியால் இல்லை, வெட்கத்தால். அதுவும் யார் முன்னால் வெட்கம்? அந்தப் பல்குச்சிக்காரன் முன்னால்.

பெருசைக் கீழே வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தாள். இது கனமில்லை. கனமில்லாததுதான் இதன் கோளாறு என்று லைசென்ஸுக்காகப் போன ரைஃபிள் கிளப்பில் கற்றுக்கொடுத்த பட்டாளத்துக்காரர் சொல்லியிருந்தார்: இத்தனை பெரிய தோட்டாவுக்கு இத்தனை குட்டை உடம்பு தாங்காதும்மா, சுட்ட கையை அதுவே உதைத்துவிடும், குறியும் எங்கேயோ போகும். பெருசு அப்படியில்லை, கனமே உதையை வாங்கிக்கொள்ளும், நின்று நிதானமாகச் சுடலாம். அவரும் ஒரு மீசை. ஆனால் சொன்னது வாஸ்தவம். அப்படியென்றால் இந்தத் திருவேங்கடம் எதற்காகப் பொம்பளைக்கு உதைக்கிறதைத் தோதென்கிறார்? சின்னதாக இருப்பதெல்லாம் பொம்பளைக்கு என்கிற கணக்கு. கிண்ணத்தில் சின்னது, தட்டில் சின்னது, பேச்சில் சின்னது. சரி, பெருசையே எடுக்கலாம். பெருசை எங்கே வைப்பது? பீரோவில். ராத்திரி ஒருத்தன் வாசலில் வந்து நின்றால் சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, அந்த பீரோ வேறு திறக்கும்போது ஊரையே கூப்பிடும், உறையைக் கழற்றி, ரெண்டு கையாலும் தூக்கி... அதற்குள் வந்தவன் காப்பி குடித்துவிட்டே போய்விடுவான். தலகாணிக்குக் கீழே வைத்தால் கழுத்து சுளுக்கும். அரிசிப்பானைக்குள் வைக்கலாமா? நாளைக்குச் சர்வேயர் வரும்போது எங்கே வைத்துக்கொள்வாள், சாமியப்பன் மாதிரி இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நிற்பதா, சீலைக்கு மேலே பெல்ட்டா? களம் மறுபடியும் சிரிக்கும், இந்தத் தடவை இன்னும் நன்றாகச் சிரிக்கும். சின்னது என்றால் மடியில் சொருகிக்கொள்ளலாம், கொசுவத்துக்குள் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாவிட்டால் அவன் எப்படிப் பயப்படுவான்? இருப்பது தெரியவேண்டுமென்றால் எடுத்துக்காட்டவேண்டும், எடுத்தால் சுடவேண்டும். சுடுவாளா? சோற்றுருண்டைக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த அந்த வாய் சட்டென்று கண்முன்னால் வந்தது. முன்பல் ஒன்று விழுந்து இன்னொன்று முளைத்துக்கொண்டிருந்த வாய். சீ, இது எதற்கு இப்போது வருகிறது? வளர்ந்து பல்லிக் கதை சொல்கிற வாய்தானே அது. பெருசு. இல்லை, சின்னது. இந்த ரெண்டு இரும்புத் துண்டை முன்னால் வைத்துக்கொண்டு முட்டிக்கொள்கிறாளே, இதற்குத்தான் இந்த ஆம்பிளைகள் எல்லாம் அப்படிப் பறந்தார்களா? ஒவ்வொருத்தனுக்கும் உள்ளே நடுக்கம், வெளியே தொங்கவிட ஒரு இரும்பு. அவளும் இப்போது அதே வரிசையில் வந்து நிற்கிறாள், சீலை கட்டிக்கொண்ட சாமியப்பன் மாதிரி.

டீ வந்தது. திருவேங்கடம் தன் டம்ளரை ஊதிக்கொண்டே, வெளியே யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்தார். குனிகிற தோரணையிலேயே தெரிந்தது, மனுஷனுக்கு வெகுநேரமாக வயிற்றில் தங்காமல் ஏதோ முட்டிக்கொண்டிருக்கிறது.

"நாஞ் சொன்னன்னு சொல்லிப்போடாதீங் அம்மிணி. உங்க கொழுந்தனாரு போன வாரம் இங்க வந்திருந்தாருங்."

"எதுக்கு? துப்பாக்கி வாங்கவா?"

"அதெல்லாம் இல்லீங். புதுசா லைசென்ஸ் எல்லாம் அவருக்கு ஆகாதுன்னு அவருக்கே தெரியுமுங். நீங்க வந்தீங்களான்னு கேட்டாருங். வரப்போறாங்கன்னு சொன்னேன். இதே ரெண்டையும் எடுத்து வெக்கச் சொல்லிப் பார்த்தாருங். பார்த்துப்போட்டு, நீங்க எதை எடுப்பீங்கன்னு கேட்டாருங்."

"அவனுக்கு அது எதுக்கு?"

"அதானுங். பெருசுன்னா கண்ணுக்குத் தெரியும், கையில இருக்குதா இல்லையான்னு பார்த்து நடந்துக்கலாம். சின்னதுன்னா மடியில இருக்குதா இல்லையான்னே தெரியாதேங்கறாருங். வேர்த்துப்போச்சுங் அவருக்கு. நாந்தான் சோடா வாங்கிக் குடுத்தேன்" என்றார் திருவேங்கடம். சொல்லிவிட்டு நிம்மதியாக டீயைக் குடித்தார்.

வசந்தாமணி டம்ளரைக் கீழே வைத்தாள். வேர்த்ததா? அவனுக்கா? இத்தனை நாளாக இவள் இங்கே மட்டை விழுகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து தாழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தாளே, அங்கே அவன் இவள் மடிக்குப் பயந்துகொண்டு படுத்துக்கிடந்தானா? வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி தாழ்போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் ஒருத்தன் தாழ்போட்டுக்கொண்டு. அட, கேடுகெட்டவனே. பயந்தவன் எதற்கடா குச்சியை வைத்துக்கொண்டு நின்றாய்? ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்து பேசியிருந்தால், நங்கையா கிணத்துத் தண்ணியில எனக்கும் ஒரு முறை குடுங்க என்று கேட்டிருந்தால் இவள் மாட்டேன் என்றிருப்பாளா? கேட்டிருப்பானா அவன், அண்ணன் மாதிரியே அவனும் ஒரு ஆம்பிளையல்லவா. சிரிப்பு வந்தது. சிரிப்பு வரும்போதே இன்னொன்றும் வந்தது, நெஞ்சுக்குள் இளஞ்சூடாக, வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி. அவனுக்கு வேர்த்திருக்கிறது. தன்னை நினைத்து ஒருத்தனுக்கு வேர்த்திருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒன்று இதுவரை நடந்ததில்லை. நெற்றியில் வேர்த்ததா, கழுத்திலா, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டதா என்று திருவேங்கடத்திடம் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள். இது என்ன அற்ப புத்தி என்றும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். அவன் பேர் வரும்வரை விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"கொழுந்தனாரே, வசந்தாமணி பேசறேன்."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம். "சொல்லுங்... நங்கையா" என்றான். அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்று அவன் வாயால் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிறது. இந்த வருஷம் முழுக்க 'அந்தப் பொம்பள' தான்.

"துப்பாக்கிக் கடையில உக்காந்திருக்கேன். சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. நீங்களும் வந்து பார்த்துட்டுப் போனீங்களாமா. எது நல்லாருக்கும்னு உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்."

திருவேங்கடம் டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சொன்னதைச் சொல்லிப்போடாதீர்கள் என்று குனிந்து கேட்டிருந்தார் பாவம். இப்போது அவர் முகத்தைப் பார்க்க வசந்தாமணிக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. போனில் அவன் பெண்டாட்டி "ஆருங் அது?" என்று கேட்டது காதில் விழுந்தது. மோட்டார் சத்தம் நின்றது.

"நங்கையா, அதெல்லாம் இப்ப எதுக்குங்? நாம ஒட்டுக்காப் பொழைக்கறவங்கதானுங்ளே."

"அதனாலதான் கேக்கறேன். சின்னதா, பெருசா?"

அவன் பெண்டாட்டியை உள்ளே போகச் சொல்வது கேட்டது.

"பெருசுங்" என்றான். "பெருசே எடுத்துக்கங் நங்கையா. சின்னது வேண்டாமுங். நாளைக்குச் சர்வேயரு வரலீங்."

"வரலையா? ஆரு சொன்னா?"

"நாந்தானுங்... இப்பச் சொல்லிர்றனுங். கல்லு இருக்கற எடத்துலயே இருக்கட்டுமுங். கெணத்துப் பக்கம் நான் வரலீங்" என்றான். அந்தக் கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. மாட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொண்டு, அப்பாகிட்டச் சொல்லிறாதீங் நங்கையா என்று கேட்ட அதே குரல். ஒரு நொடி அவளுக்கு வாய்வரை வந்தது: சரி சாமி, போய்ச் சாப்பிடு, ஒண்ணும் வாங்கலை, சும்மா கேட்டேன். சொல்லியிருக்கலாம். கிணறு கிடைத்துவிட்டது, வீடு கிடைத்துவிட்டது, இனிமேல் இந்த இரும்பு எதற்கு? சொல்லாமல் போனை வைத்தாள்.

வைத்துவிட்டுச் சின்னதை எடுத்து மடியில், கொசுவம் மடங்குகிற இடத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. எதிரில் திருவேங்கடம் பேச வாயெடுத்தவர், பேசாமல் முதலில் அவள் மடியைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், மறுபடியும் மடியைப் பார்த்தார். வசந்தாமணிக்கு அது சுருக்கென்று தைத்தது. இனிமேல் ஈஸ்வரமூர்த்தி மட்டுமில்லை, வேலைக்கு வருகிற பெண்கள், மாப்பிள்ளை, லீவுக்கு வருகிற பேத்தி, எல்லாரும் அவளிடம் பேசுவதற்கு முன்னால் இங்கேதான் பார்ப்பார்கள். நாளைக்கு ஈஸ்வரமூர்த்தி ஒரு வாய் காப்பிக்கு வந்தால்கூட அவள் கையைப் பார்த்துக்கொண்டேதான் குடிப்பான். பேன் பார்க்கத் தலையைக் கொடுத்த பையன் இனிமேல் அவள் பக்கத்தில் வந்து உட்காரமாட்டான். துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு திரிந்த சாமியப்பனைப் பார்த்து எத்தனை வருஷம் காறித்துப்பியிருக்கிறாள் மனசுக்குள். அந்த எச்சிலெல்லாம் இப்போது எங்கே போய் விழுகிறது?

"அப்ப எதுங் அம்மிணி?" என்றார் திருவேங்கடம். அவர் குரலிலும் மரியாதை கூடியிருந்தது. லேடீசு, தோது என்கிற பேச்சையே காணோம்.

பார்க்கட்டும், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"சின்னது" என்று சொல்லி, கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டாள்.